சாமி கும்பிடுவதை நிறுத்திய பிறகு

கணக்கு எழுதுவது என் பிழைப்பு. அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். 2021 ஜூலையிலிருந்து 2022 நவம்பர் வரை, மனசு ஆறவேண்டும் என்பதற்காக நான் செலவழித்தது 1,41,500 ரூபாய். பரிகாரம், ஹோமம் என்று 68,500. மலையில் நடந்த ஒரு முகாமுக்கு 73,000. சம்பளமில்லா விடுப்பு பதினொரு நாள் தனி. 2023 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை ராத்திரி, கொட்டிவாக்கம் மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு தாய் ஆமை குழி தோண்டுவதைப் பார்த்தேன். அதற்கு ஆன செலவு ஆட்டோவுக்கு 180 ரூபாய். முதல் இரண்டுக்கும் போகும் முன்னால் யாராவது என்னைப் பிடித்து உட்கார வைத்துப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரும் பேசவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. இப்போது அந்த நிலையில் இருக்கிற யாருக்காவது உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா 2021 மே மாதம் போனார். கொரோனா இரண்டாம் அலை. ஆறு நாள் ஆக்சிஜன் படுக்கை, ஏழாம் நாள் காலையில் போன். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. உறையில் சுற்றி, ஆம்புலன்ஸிலிருந்து நேராக மயானத்துக்குள் கொண்டுபோனார்கள். எங்களுக்கு முன்னால் ஒன்பது வண்டிகள் நின்றன. வெளியே ஒரு புங்கமரத்தடியில் இரண்டு முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, டோக்கன் எண்ணைக் கூப்பிடுகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தம்பியால் பெங்களூரிலிருந்து வர முடியவில்லை. வாய்க்கரிசி கிடையாது, பதினாறாம் நாள் காரியம் கிடையாது. அந்த ஆறு நாளும் நான் வேண்டாத சாமி இல்லை. அதற்குப் பிறகு பூஜை அலமாரியைத் திறக்கக் கை போகவில்லை. இதற்கு நாத்திகம் என்றெல்லாம் பெரிய பெயர் வேண்டாம். என் மாமா ஒருவர் பெரியார் திடலுக்குப் போய்வருகிறவர். அவருக்குக் கோபமும் உண்டு, படிப்பும் உண்டு. எனக்கு இரண்டும் இல்லை. விளக்குக்கு முன்னால் நின்றால் எரிச்சலாக வந்தது, அவ்வளவுதான்.

எரிச்சல் வந்தவள் ஏன் பரிகாரத்துக்குப் பணம் கொடுத்தாய் என்று கேட்பீர்கள். பயம்தான். காரியம் முடியாத ஆத்மா அலையும் என்று சொந்தக்காரர் ஒருவர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மாவுக்குத் தூக்கம் போனது, அம்மாவைப் பார்த்து எனக்கும் போனது. ஜோசியருக்கு 3,000. ராமேஸ்வரத்தில் தில ஹோமம், எல்லாம் சேர்த்து 28,000 என்று போனிலேயே பேசி முடித்தார் ஒரு தரகர். காரும் தங்கலும் 14,500. திரும்பி வந்ததும் வீட்டிலும் ஒன்று செய்யவேண்டும் என்றார்கள், அதற்கு 23,000. ராமேஸ்வரத்தில் எங்களோடு சேர்த்து நான்கு குடும்பங்களை ஒரே வரிசையில் உட்கார வைத்து, ஒரே மந்திரத்தில் பெயரை மட்டும் மாற்றிச் சொன்னார்கள். என் அப்பா பெயர் வரவேண்டிய இடத்தில் பக்கத்துக் குடும்பத்துக்காரர் பெயர் வந்தது. நான் திருத்தினேன், மந்திரம் சொன்னவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சடங்கில் நம்பிக்கை இருக்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. அக்னி தீர்த்தத்தில் முழுக்குப் போட்டு எழுந்தபோது அம்மா முகத்தில் ஒரு தெளிவு வந்ததை நானே பார்த்தேன். அதற்குக் காசு கொடுக்கவே வேண்டாம் என்பதுதான் விஷயம், கடல் சும்மாதான் கிடக்கிறது.

ஒரு சாவுக்குப் பின் முதல் ஒரு வருஷம் இப்படிப்பட்ட செலவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்துக்கொள்ளுங்கள். ஐயாயிரமோ பத்தாயிரமோ, உங்கள் கைக்கு ஏற்றபடி. அதற்கு மேல் யார் கேட்டாலும் இரண்டு ராத்திரி தூங்கி எழுந்து பதில் சொல்லுங்கள். அவசரப்படுத்தினால் வியாபாரம் என்று எடுத்துக்கொள்ளலாம். ரசீது கேளுங்கள். ரசீது கேட்பதைத் தெய்வக் குத்தம் போலச் சிலர் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

நான் எதிர்பார்க்காத நஷ்டம் ஒன்று உண்டு, அது ரூபாயில் வராது. கோயிலை விட்டால் சாமியோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். கூடவே மனிதர்களும் போனார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரகாரத்தில் உட்கார்ந்து பேசும் நான்கு பெண்கள், பூக்காரம்மா, மார்கழியில் காலையில் பொங்கலுக்குத் தொன்னை நீட்டும்போது அப்பா எப்படி இருக்கார் என்று கேட்கும் பரிசாரகர். எட்டு மாதம் நான் போகவில்லை, ஒருவரும் போன் செய்யவில்லை. அவர்கள் தப்பு இல்லை, அந்தப் பழக்கம் அந்த இடத்துக்கு உள்ளேயே இருப்பது. எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்தபோதுதான், கஞ்சி வைத்துக் கொடுக்க எழுபத்தொரு வயது அம்மாவைத் தவிர யாரும் இல்லை என்பது உறைத்தது. நம்பிக்கையை விடுகிறவர்கள் அந்த நான்கு பேரின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு விடுங்கள்.

2022 தொடக்கத்தில் அலுவலகத் தோழி ஒருத்தி வடலூருக்குக் கூட்டிப்போனாள். வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பு தருமச்சாலையில் இன்றுவரை அணையவில்லை. வருகிற பசிக்கெல்லாம் அதிலிருந்துதான் சோறு. வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் ஓர் அம்மா அரிவாள்மனையைத் தள்ளிவிட்டு, பூசணிக்காயைக் காட்டி, "சும்மா நிக்கறதுக்கு இதை நறுக்கு" என்றார். இரண்டு மணிநேரம் நறுக்கினேன். அப்பாவை நினைக்காத முதல் இரண்டு மணிநேரம் அதுதான் என்று பஸ்ஸில் திரும்பி வரும்போது தோன்றியது. துப்பு கையிலேயே கிடைத்தது, எனக்குத்தான் பிடிபடவில்லை. பூசணிக்காயில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டு, இன்னும் பெரிதாக எதையோ தேடினேன்.

அப்படி அகப்பட்டதுதான் மலை முகாம். நான்கு நாள், 42,000 ரூபாய், போக்குவரத்து தனியாக 6,000. மதம் கிடையாது, சிலை கிடையாது, இயற்கைதான் எல்லாம் என்றார்கள். எனக்கு அந்த வார்த்தைகள் தேன் மாதிரி இருந்தன. முதல் நாள் செருப்பில்லாமல் நடந்தோம், நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் ராத்திரி நெருப்பு மூட்டி, மேளம் தட்டி, ஆளுக்கு ஒரு மரத்தைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள். நடத்தியவர் என் பின்னால் வந்து தோளில் கைவைத்து, உங்கள் அப்பா இந்த மரமாக நிற்கிறார், பேசுங்கள் என்றார். நான் கதறினேன். சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் இப்போதும் காதில் விழுந்தால் கூசுகிறது. அழுது முடித்த அரைமணி நேரத்தில் அடுத்த கட்டப் பயிற்சிக்கு 1,10,000 என்று தாளை நீட்டி, முன்பணம் 25,000 வாங்கிக்கொண்டார்கள். நானும் கொடுத்தேன்! மூன்றாம் நாள் மௌனம், வெறும் பழச்சாறு. ரத்த அழுத்தம் உள்ள ஒரு பெரியவர் மயங்கி விழுந்தார். அங்கே ஒரு மாத்திரைகூட இல்லை, ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் ஒன்றேகால் மணிநேரம். அவர் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் முன்பணத்தைத் திரும்பக் கேட்டேன். "உங்கள் மனசு இன்னும் திறக்கவில்லை" என்று வாட்ஸாப்பில் பதில் வந்தது. பணம் வரவில்லை.

இதுமாதிரி இடத்துக்குப் போகத்தான் போகிறீர்கள் என்றால் நான்கைக் கேட்டுவிட்டுப் போங்கள். பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? பணம் திரும்பத் தருவதைப் பற்றி எழுத்தில் என்ன இருக்கிறது? தங்கும் இடம் பட்டா நிலமா, காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி காகிதத்தில் இருக்கிறதா? நடுவில் கிளம்ப நினைத்தால் வண்டி உண்டா? நான் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. சாமியைக் கேள்வி கேட்டவள் இவர்களைக் கேட்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஆமை வந்தது இதற்குப் பிறகு. மாடிவீட்டுப் பெண் கல்லூரியில் படிக்கிறாள். மாணவர்களே சேர்ந்து 1988 முதல் சென்னைக் கடற்கரையில் ஆமை முட்டைகளைக் காப்பாற்றிவரும் அமைப்போடு ராத்திரி நடப்பாள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் மணலில் நடை. "ஆன்ட்டி, உங்களுக்குத்தான் தூக்கம் வர்றதில்லையே, வாங்களேன்" என்றாள். அழைப்பு என்றால் அவ்வளவுதான். வெள்ளைச் சுடிதார் போட்டுக்கொண்டு, செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு போய் நின்றேன். இரண்டுக்கும் திட்டு வாங்கினேன். வெளிச்சம் பட்டால் கரையேற வந்த ஆமை அப்படியே திரும்பிவிடும். குஞ்சுகளோ கடலின் மேல் தெரியும் வெளிச்சத்தை நம்பி ஓடுபவை. தெருவிளக்கைக் கண்டால் அதைக் கடல் என்று எண்ணி ரோட்டுக்கு வந்துவிடும். இருட்டு நிறத்தில் துணி, தண்ணீர் பாட்டில், வார் வைத்த செருப்பு, நன்றாகச் சாப்பிட்ட வயிறு, இவை போதும். தனியாகப் போகாதீர்கள், ஆமைக்காகவும் சரி, உங்களுக்காகவும் சரி. எனக்கு முட்டி வலி வந்து பிசியோதெரபிக்கு 4,000 ஆனது. முதல் நாளே ஏழு கிலோமீட்டரும் நடந்தே தீர்வேன் என்று வீம்பு பிடித்ததற்குக் கூலி அது. பாதியில் நின்றுகொண்டால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

முதல் நான்கு நடையிலும் ஒன்றும் இல்லை. உடைந்த பாட்டில், அறுந்த வலை, அடும்பங்கொடி, மூன்று நாய்கள். ஆனால் அந்த நான்கு ராத்திரியும் வீட்டுக்கு வந்து ஒன்பது மணிவரை தூங்கினேன். ஐந்தாவது தடவை, ஈர மணலில் டிராக்டர் சக்கரம் பதிந்தாற்போல ஒரு தடம் மேலே ஏறிப் போயிருந்தது. திரும்பி இறங்கிய தடம் இல்லை. எல்லாரும் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். பின்னங்கால்களால் மாற்றி மாற்றி, சோறு அள்ளுவதுபோல மணலை அள்ளி வெளியே வைத்துக்கொண்டிருந்தது. ஒரு முழ ஆழத்தில், வாய் குறுகிய பானை வடிவில் குழி. கண்ணால் பார்க்காமலே தோண்டுகிறது. முட்டையிடத் தொடங்கியதும் ஏதோ நிஷ்டையில் இருப்பதுபோல ஆகிவிட்டது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அழுகிறதா என்று கேட்டேன். உடம்பில் சேர்ந்த உப்பை அப்படித்தான் வெளியேற்றும் ஆன்ட்டி என்றாள் மாடிவீட்டுப் பெண். என் அழுகைக்குக் கைதட்டியவர்கள் இதைக் கேட்டிருக்க வேண்டும். குழியை மூடி, உடம்பை இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் தூக்கித் தூக்கிப் போட்டு மணலைக் கெட்டிப்படுத்தி, திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலுக்குப் போனது. சங்கப் பாட்டில் அடும்பங்கொடிப் பக்கம் ஆமை முட்டை புதைப்பது வருகிறது. ஆண் ஆமை காவல் இருப்பதாகவும் வருகிறது. அது புலவர் மனசு. உண்மையில் யாரும் காவல் இல்லை.

அன்றைக்கு எனக்குள் ஏதோ தரிசனம் நடந்தது என்று எழுதினால் பொய். நடந்தது வேறு. முட்டைகளை ஒவ்வொன்றாக, புரண்டுவிடாமல் எடுத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குத் தோண்டிய குழியில் வைத்தார்கள். டேபிள் டென்னிஸ் பந்து மாதிரி, ஆனால் தொட்டால் லேசாக அமுங்குமாம். நான் தொடவில்லை. வனத்துறை அனுமதி பெற்றவர்கள் மட்டும்தான் தொடலாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்த ஆமைக்கு, அதிகபட்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இடம். நீங்களாக ஒரு கூட்டைக் கண்டால் கிளறாமல் தகவல் மட்டும் சொல்லுங்கள். எண்ணிக்கொண்டே வந்தவன் தொண்ணூற்றிரண்டா தொண்ணூற்றி மூன்றா என்று தடுமாறினான். தொண்ணூற்றி நாலு என்றேன், பழக்கதோஷம். நோட்டையும் பேனாவையும் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். தேதி, இடம், நேரம், முட்டை 118. அன்றிலிருந்து அந்தக் குழுவில் நான் நோட்டு எழுதும் ஆன்ட்டி. வேறெதற்கும் லாயக்கில்லாவிட்டாலும் பேரேடு எழுத வருமே. பூசணிக்காய் நறுக்கிய அந்த இரண்டு மணிநேரம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. அனுபவம் தருகிறோம் என்றவர்களிடம் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இந்தா, இதைப் பிடி என்று வேலை கொடுத்த இரண்டு இடத்திலும் கிடைத்தது. அதனால் யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்கிறேன். ஓர் இடத்துக்குப் போனால் அங்கே உங்களை உட்கார வைக்கிறார்களா, துடைப்பத்தைக் கையில் கொடுக்கிறார்களா என்று பாருங்கள்.

ஏறக்குறைய நாற்பத்தைந்து நாள் கழித்துப் பொரியும். கூட்டின் மேல் பிரம்புக்கூடை கவிழ்த்து வைத்திருப்பார்கள். குஞ்சு உள்ளங்கை அளவுகூட இல்லை. சூடான மணலில் பெண்ணும் குளிர்ந்த மணலில் ஆணும் பிறக்கும் என்று அங்கேதான் கற்றேன். ஆயிரத்தில் ஒன்று பிழைத்து வளரும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கடலோரக் குப்பத்துப் பெரியவர் ஒருவர் இதற்குப் பங்குனி ஆமை என்றுதான் பெயர், பங்குனிக்குள் வந்துவிடும் என்றார். வலையில் மாட்டினால் அறுத்துவிட்டுவிடுவாராம். வலை போனால் பத்தாயிரம் போகுமே என்றேன். "அது என்னம்மா பண்ணும், மூச்சு விட மேலதானே வரணும்" என்றார்.

எல்லாம் நல்லவிதம் என்று நினைக்கவேண்டாம். இந்தக் கூட்டத்திலும் ஆணவம் உண்டு. மூன்று வருஷம் நடந்தவன் முதல் வருஷக்காரனை மட்டமாகப் பார்ப்பான். படம் எடுக்க மட்டும் வருகிறவர்கள் உண்டு. நானே ஒரு ஆறு மாதம் தாங்கமுடியாதவளாக இருந்தேன். பிள்ளையார் சதுர்த்திக்கு ரசாயனச் சாயம் பூசிய சிலை வாங்கிவந்த தம்பி குடும்பத்தை, குழந்தைகளின் முன்னாலேயே கடலைக் கொல்கிறீர்கள் என்று கத்தினேன். அவன் மனைவி நான்கு மாதம் பேசவில்லை. அடுத்த வருஷம் களிமண் பிள்ளையார் நானே வாங்கிக்கொண்டு போனேன், பேச்சு தானாக வந்துவிட்டது. இன்னொன்று, ஏப்ரல் தாண்டினால் ஆமை வராது, நடையும் இல்லை. முதல் வருஷம் மே மாதம், அப்பாவின் திதியும் சேர்ந்து, பழைய குழியில் மறுபடி விழுந்தேன். வருஷம் முழுக்க நடக்கிற ஏதாவது ஒன்று பக்கத்திலேயே வேண்டும். என் வீட்டுக்குப் பக்கத்தில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. ஒரு பக்கம் பெருங்குடி குப்பை மேடு, மறுபக்கம் பூநாரை. ஞாயிறு காலை பறவை எண்ணுகிறேன், பொங்கல் நாட்களில் மாநிலம் முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் சேர்ந்துகொள்கிறேன். இதற்கும் நோட்டுதான்.

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஆமைகள் செத்து ஒதுங்கின. நூற்றுக்கணக்கில். இழுவை வலையில் மாட்டினால் மூச்சுக்கு மேலே வர முடியாமல் முழுகிச் சாகும். கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தன. ஒன்றையே இரண்டுமுறை எண்ணிவிடாமல் இருக்க ஓட்டின் மேல் பெயிண்ட் அடித்துக்கொண்டே போனார்கள், நான் நாடாவின் ஒரு முனையைப் பிடித்து நீளம் அகலம் எழுதினேன். இரண்டாம் நாள் வாந்தி எடுத்தேன். இயற்கையைச் சாமியாக நினைத்தால் ஆறுதல் மட்டும்தான் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதற்கு மேல் எழுத முடியாது என்று நோட்டை மூடப்போனேன். குழி தோண்டிய மாநகராட்சி ஊழியர் ஒருவர், மணலைத் தள்ளும் முன்னால் கையுறையைக் கழற்றிவிட்டு, ஒரு பிடி மணலை அள்ளி மெதுவாகப் போட்டார். என்னைப் பார்த்து, நீங்களும் போடுங்கம்மா என்றார். போட்டேன். மயானத்து வாசலில் சும்மா நின்ற கை அது. அன்று ராத்திரி தம்பிக்குப் போன் செய்து, மூன்றரை வருஷத்தில் முதல்முறையாக அப்பாவைப் பற்றிப் பேசினேன். ஒன்றேமுக்கால் மணிநேரம்.

அம்மாவிடம் விளக்கைப் பற்றி நான் சண்டை போடுவதில்லை. அவர் ஏற்றுகிறார், நான் திரி திரித்துக் கொடுக்கிறேன். ஆமை விஷயம் மட்டும் அவருக்கு ஒப்பவில்லை. ஆமை புகுந்த வீடு உருப்படுமா என்று ஆரம்பத்திலிருந்தே புலம்பல். அது வீட்டுக்குள் வரவில்லை, நான்தான் அங்கே போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. இந்தப் பங்குனியில் ஒருநாள் சாயங்காலம், அஷ்டலட்சுமி கோயிலுக்குப் போகலாம் என்று கூட்டிப்போய், தரிசனம் முடிந்ததும் அப்படியே மணலில் நடத்திப் பொரிப்பகத்துக்கு அழைத்து வந்தேன். கூடையைத் தூக்கினார்கள். எண்பத்தேழு குஞ்சுகள். கயிற்றுக்கு வெளியே, கூட்டத்தோடு கூட்டமாக அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார். ஒரு குஞ்சு அலையில் புரண்டு திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தது. நான்காவது அலை அதை எடுத்துக்கொண்டு போனது.

"அங்க போனப்புறம் யாரு பாத்துக்குவாங்க?"

"யாரும் இல்லம்மா."

அம்மா கொஞ்சநேரம் கடலையே பார்த்தார். பிறகு கோயில் குங்குமப் பொட்டலத்தை இடுப்பிலிருந்து எடுத்தார். நான் பதறிப்போய், அம்மா, தண்ணியில எதுவும் போடக்கூடாது என்றேன். "எனக்குத் தெரியாதா? காத்துல பறந்துடுமேன்னு உன் பையில வைக்க எடுத்தேன்" என்று நோட்டுப் பக்கங்களுக்கு நடுவில் செருகிவிட்டு, எண்ணிக்கையை எழுதினாயா என்று கேட்டார்.